திரும்புகிற கப்பலுக்குப் பாதி போதாது

கோடு இறங்குகிறது. இறங்குகிறதா? கம்ப்யூட்டர் திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அசையவே அசையாது, வேறெங்காவது பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு மயிரிழை கீழே போயிருக்கும். அடுப்பில் வைத்த பால் மாதிரிதான், ஆனால் தலைகீழ்ப் பால், பொங்கினால் கெட்டது, அடங்கினால் நல்லது. அக்கா பாயில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கன்னத்தில் கோரை வரிவரியாகப் பதிந்திருக்கும், எழுந்ததும் பார்த்துச் சிரிக்கலாம். சிரிக்க நேரம் இருக்குமா தெரியவில்லை. எழுந்ததும் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள், முகம்கூடக் கழுவமாட்டாள். இந்த அறை பள்ளிக்கரணையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் இருக்கிறது, எங்களுக்கு மேலே வெயிலைத் தவிர வேறு யாரும் குடியில்லை. சீலிங் ஃபேன் ஒன்று சுற்றுகிறது, கூரையில் தேங்கின சூட்டை எடுத்துக் கீழே பரிமாறுவது மட்டும்தான் அதன் வேலை. காற்று என்று சொல்லத்தக்க காற்று மேசை விசிறியிலிருந்துதான் வரவேண்டும். அது ஒன்றுதான் இருக்கிறது. அதன் கழுத்து வாங்கின நாளிலிருந்தே திரும்பாது, ஒரு பக்கம் பார்த்து வைத்தால் அந்தப் பக்கமேதான். அக்கா படுக்கும்போது அதைக் கம்ப்யூட்டரைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் படுத்தாள். கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருக்கிற ஒயரெல்லாம் வெளியே தெரிய, ஆபரேஷன் டேபிளில் கிடக்கிற ஆள் மாதிரி வைத்திருந்தாள். "ஏட்டி அக்ஸி, கோடு மேல ஏறிக்கிட்டே போனா எழுப்பு. மூலையில இந்தச் சூட்டு நம்பர் செவப்பாச்சுன்னா எழுப்பு. மத்தபடி கப்பலே முங்குனாலும் எழுப்பாத." "எக்கா, அது சப்மரின். முங்கத்தான் செய்யும்." "வாயி," என்றாள். அந்த 'வாயி' முடிவதற்குள் தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் கழுத்து மடிப்பில் வேர்வை கோர்த்து நின்றது, ஒரு சொட்டு உருண்டு காதுப்பக்கம் போனது, தூக்கத்திலேயே கையால் அதைத் தட்டினாள், ஈயைத் தட்டுகிற மாதிரி. நான் எழுந்து போய் விசிறியைத் தூக்கி அவளைப் பார்த்து வைத்தேன். அவள் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன். அப்போது நம்பர் பச்சையாக இருந்தது. இப்போது மஞ்சள்.

மஞ்சள் என்றால் ஒன்றும் ஆகாது. மஞ்சளுக்கு வேளச்சேரி சிக்னலில்கூட யாரும் நிற்பதில்லை. ஒன்றும் ஆகாது, ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், எனக்கு எதையும் பார்த்துக்கொண்டே இருக்க வராது, அதனால்தான் படிப்பும் வரவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டத்தில் அந்த நீர்மூழ்கி நிற்கிறது, பெரிய சுருட்டு மாதிரி, முதுகில் ஒரு சின்னத் திமில், வாலில் துடுப்புகள். அதைச் சுற்றித் தண்ணீர். தண்ணீர் என்று சொல்வது சும்மா, ஒரு சொட்டு கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா அம்மாவிடம், "கப்பலச் சுத்தித் தண்ணி எப்படிப் போவுதுன்னு பாக்கிற வேலைம்மா" என்றாள். அம்மா, "அதுக்கு ஹார்பர்ல போயி நின்னாப் போதுமே, எதுக்கு இன்ஜினியரு?" என்றாள். எனக்கு அக்கா வேறு மாதிரிச் சொன்னாள். தண்ணீரை லட்சக்கணக்கான பெட்டிகளாக வெட்டிக்கொள்ள வேண்டுமாம். கப்பலின் தோலுக்குப் பக்கத்தில் பொடிப்பொடிப் பெட்டி, தூரம் போகப் போகப் பெரிய பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டியிடம் கேட்கும், நீ என்ன வேகத்தில் போகிறாய், உன்னை எவ்வளவு நெருக்குகிறது. பதில் ஒத்துவராது. இரண்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். திரும்பக் கேட்கும். திரும்பவும் ஒத்துவராது. எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கும், எல்லாருக்கும் ஒத்துப்போகிற வரைக்கும். "அப்ப இந்தக் கோடு?" என்றேன். "இன்னும் எவ்ளோ சண்டை மிச்சம் இருக்குன்னு காட்டுது." அன்றிலிருந்து எனக்கு அது சண்டைக்கோடுதான், அவள் சொல்கிற இங்கிலீஷ் பேர் எனக்கு வேண்டாம். அக்கா நார்வேயில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பேச்சு வந்தபோது எங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு கோடு போட்டிருந்தால் திரையைத் தாண்டிப் போயிருக்கும். அப்பா மாலத்தீவுக்குப் போகிற தோணியில் இன்ஜின் டிரைவர், அவர் கரையில் இருக்கிற நாளாகப் பார்த்து அக்கா பேச்சை எடுத்தாள். "நான் மட்டும் கடல் தாண்டலாம், எம் பிள்ள தாண்டக் கூடாதோ?" என்று சொன்னதோடு அப்பா பெட்டி ஒத்துப்போனது. அம்மா பெட்டி அழுதுவிட்டு ஒத்துப்போனது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "போ, எனக்கென்ன" என்று சொல்லியிருப்பேன். அது பொய், ஆனாலும் சொல்லியிருப்பேன். அந்தக் கம்பெனியில் இன்டர்வியூ எல்லாம் முடிந்துவிட்டது, கடைசியாக ஒரு கணக்கு கொடுத்தார்கள். இந்த நீர்மூழ்கி மூக்கைக் கொஞ்சம் சாய்த்துத் திரும்பும்போது தண்ணீர் அதை எவ்வளவு தள்ளுகிறது, கண்டுபிடித்து இன்றைக்குள் அனுப்பு. அனுப்பினால் அக்கா போய்விடுவாள். அனுப்பாவிட்டால் போகமாட்டாள். இதில் வேறு சிக்கல் ஒன்றும் கிடையாது.

போய்விட்டால் இந்த அறை கிடையாது. நான் தூத்துக்குடிக்குத் திரும்பி, அம்மா காட்டுகிற காலேஜில் அம்மா காட்டுகிற பாடத்தைப் படிக்கவேண்டும். ப்ளஸ் டூ முடிந்ததும் போதும் என்று சொன்னேன். பாஸ்தான், ஃபெயில் இல்லை, ஆனால் எல்லாரும் ஃபெயில் என்று நினைத்துக்கொண்டு ஆறுதல் சொல்கிறார்கள். வயிறு நிறைந்துவிட்டால் எழுந்துவிட வேண்டியதுதானே, இலையில் என்ன மிச்சம் என்று எதற்குப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். ஊரில் ஒவ்வொருத்தரும் ஏன் ஏன் என்றார்கள். அக்கா மட்டும் கேட்கவில்லை. போனில், "சரி, பையத் தூக்கிட்டு மெட்ராஸ் வா, என்கூட இரு" என்றாள். "வரும்போது கருவாடு கொண்டா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வந்தேன். கீழ்த்தெருவில் ஒரு செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறேன், ஒரு குமிழிகூட வராமல் ஒட்டுவேன், கடைக்காரர் கஷ்டமான ஃபோனை எல்லாம் எனக்குத்தான் தருகிறார். அக்கா ஃபோனுக்கும் நான்தான் ஒட்டினேன். அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க டிபார்ட்மென்ட்ல எவனுக்கும் இப்படி வராதுட்டி" என்றாள். சும்மாதான் சொன்னாள், தெரியும். ஆனாலும் அந்த ராத்திரி முழுக்க எனக்கு... விடு. கோடு. கோடு இறங்குகிறது. மஞ்சள் கொஞ்சம் கெட்டி மஞ்சளாகியிருக்கிறதோ? விசிறிக் காற்றில் அக்காவின் நெற்றிமுடி எழுந்து எழுந்து விழுகிறது. இவள் இப்படித் தூங்கிப் பார்த்து எத்தனை நாளாயிற்று. அந்தத் தப்பு நடந்ததிலிருந்து தூக்கமில்லை. அந்தத் தப்பை வேறு யாராலும் செய்திருக்க முடியாது, கப்பலைத் தினமும் இரண்டாக வெட்டுகிறவர்கள்தான் செய்யமுடியும்.

நேராகப் போகிற கப்பலுக்கு இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றுதான். அதனால் இவர்கள் முழுக் கப்பலைக் கணக்குப் போடுவதே இல்லை. வெள்ளரிக்காயை நீளவாக்கில் வகுந்த மாதிரி வகுந்து, பாதியை எடுத்துக்கொண்டு, வெட்டின இடத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்திவிடுகிறார்கள். மறுபாதி கண்ணாடிக்குள் இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். நேரம் பாதியாக மிச்சம். அக்கா சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான், அவள் கை தானாகவே வெட்டிவிடும், நாம் வெங்காயத்தின் தலையை வெட்டுகிற மாதிரி. ஆனால் இந்தக் கணக்கில் கப்பல் நேராகப் போகவில்லை. திரும்புகிறது. திரும்பும்போது ஒரு பக்கத்தில் தண்ணீர் வந்து அறைகிறது, மறுபக்கம் மறைவு. இரண்டு பக்கமும் ஒன்றில்லை. அக்கா தண்ணீர் வருகிற திசையை மாற்றினாள், மூக்கு சாய்கிற கோணத்தைச் சரிபார்த்தாள், எல்லாம் செய்தாள், கண்ணாடியை மட்டும் எடுக்க மறந்துவிட்டாள். கணக்கு நல்லபடியாகத்தான் முடிந்தது. படமும் அழகாகத்தான் வந்தது, எனக்குக்கூடக் காட்டினாள். அதுதான் கேவலம், தப்பான கணக்கு அழகாக வரக்கூடாது. ஒரு நாள் காலையில் வாஷ்பேசின் முன்னால் பல் தேய்த்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். தேய்ப்பது நின்றது. வாயில் நுரையோடு திரும்பி, "ஏட்டி, நான் இத்தன நாளா பாதி சப்மரினத் திருப்பிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள். எனக்கு என்ன புரியும். "அப்ப மீதிப் பாதி எங்க போச்சு?" என்று கேட்டேன், தோசை திருப்பிக்கொண்டே. அவள் சிரித்தாள், நுரை நைட்டியில் ஒழுகியது, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "நேராப் போற கப்பலுக்குத்தாம்ட்டி பாதி போதும். திரும்புத கப்பலுக்குப் பாதி போதாது. ஸ்கூல் பிள்ளைக்குத் தெரியும் இது." நான், "எனக்குத் தெரியல, நானும் ஸ்கூல் முடிச்ச பிள்ளைதானே" என்றேன். "நீதான் வேண்டாம்னு வந்துட்டியே" என்று அழுகையோடு சொன்னாள். தோசை கருகிவிட்டது. அதையும் தின்றோம். அன்றிலிருந்து முழுக் கப்பல். முழுக் கப்பல் என்றால் பெட்டி இரண்டு மடங்கு, இந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டுகிறது, ரிச்சி தெருவில் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்த கம்ப்யூட்டர், இவ்வளவு சண்டையை ஒரே நேரத்தில் தாங்குகிற வயதில்லை அதற்கு.

போன் அதிர்கிறது. அம்மா. நான் போனோடு கதவுப் பக்கம் போகிறேன், வெளியே மாடித்தரை தோசைக்கல் மாதிரி இருக்கும், கால் வைக்கமுடியாது, நிலைப்படியிலேயே நின்று மெதுவாகப் பேசுகிறேன். "தூங்குதாளா?" என்று அம்மா கேட்கிறாள், ஏதோ அவள் பக்கத்திலேயே அக்கா தூங்குகிற மாதிரி அவளும் மெதுவாகப் பேசுகிறாள். "ஆமா, தூங்குதா." "சாப்பிட்டாளா?" "ரசஞ்சாதம்." "நீ?" "நானும்." "அது முடிஞ்சிட்டா?" "இல்ல. ஓடிக்கிட்டு இருக்கு." "நல்லபடியா முடிஞ்சிருமாட்டி?" "எனக்கு எப்படிம்மா தெரியும்?" "நீதான பக்கத்துல இருக்கே." இந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும். அவளுக்குப் பின்னால் கோழி கத்துகிறது, மிக்ஸி ஓடி நிற்கிறது, பக்கத்து வீட்டு மிக்ஸியாக இருக்கும். "காலையில மாதா கோயில்ல மெழுகுவர்த்தி வச்சேன்ட்டி. அவளுக்கு இது கெடைச்சிரணும்னு." "சரி." "வச்சிட்டு வாசல்ல செருப்பு மாட்டும்போது, கெடைக்காமப் போனாலும் நல்லதுதானேன்னு தோணிட்டு." நான் நிலைப்படியிலிருந்து திரும்பி அக்காவைப் பார்க்கிறேன். "திரும்ப உள்ள போயி மாதாகிட்ட இதச் சொல்லலாமான்னு நின்னேன். சொல்லல. வந்துட்டேன்." "ஏம்மா சொல்லல?" "ரெண்டையும் சொன்னா மாதா எதையின்னு கேப்பா?" என்று அம்மா சிரிக்கிறாள், மூக்கை உறிஞ்சுகிறாள், "அவள்ட்ட இதச் சொல்லிறாத" என்கிறாள், வைத்துவிடுகிறாள். அவள் வைத்த பிறகும் நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு மட்டும்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும்தான் இந்த அசிங்கம் என்று. அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு மாதாவிடம் பாதியைச் சொல்லாமல் வந்திருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் நம்பர் ஆரஞ்சு.

நேராகச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. ஆரஞ்சைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. சின்னதுதான், ஆனால் வந்தது. நான் ஒன்றுமே செய்யவேண்டாம். எதையும் உடைக்கவேண்டாம், எந்த ஒயரையும் பிடுங்கவேண்டாம். இந்த விசிறி இப்படியே இருந்தால் போதும். ஆரஞ்சு சிவப்பாகும், சிவப்பில் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிடும், போன வாரம் ஒரு தடவை அணைந்த மாதிரி. அணைந்தால் திரும்பவும் போட்டு, சேமித்த இடத்திலிருந்து ஓடவிடலாம்தான், ஆனால் இன்றைக்குள் முடியாது. அக்கா எழுந்து கேட்டால், "எக்கா, நீ வேர்த்து ஊத்திக்கிட்டு கெடந்தே, பாவமா இருந்திச்சு, அதான் விசிறிய உனக்கு வச்சேன்" என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. அவள் என்னைத் திட்டக்கூட மாட்டாள். என் தலையில் கை வைத்து "போட்டும்ட்டி" என்பாள், அவள் அப்படிப்பட்டவள், அந்தப் 'போட்டும்ட்டி' என் காதில் இப்போதே கேட்கிறது. விசிறியை நான் எதற்கு அவள் பக்கம் வைத்தேன்? வேர்வையைப் பார்த்துத்தான் வைத்தேன். சத்தியமாக வேர்வையைப் பார்த்துத்தான். ஆனால் வைத்துவிட்டு வரும்போது நம்பரைப் பார்த்தேனா இல்லையா? பார்த்தேன். பச்சை என்று பார்த்தேன். ஏறும் என்று தெரியுமா? தெரியும். அப்படியென்றால் எந்தப் பாதி வேர்வைக்காக, எந்தப் பாதி நம்பருக்காக? இதற்கு ஒரு கோடு இருந்தால் பார்த்துச் சொல்லலாம். சின்ன வயதில் ஊரில் தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது அக்கா ஒரு கரண்டியைக் கொண்டுவந்து, வளைவுப்பக்கத்தை ஒழுகுகிற தண்ணீரில் லேசாகத் தொடவைத்தாள். நேராக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் கரண்டியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு வளைந்து வேறு பக்கம் போனது. "பாத்தியா, தொட்டா விடாது. ஒட்டிக்கிட்டே கூட வரும்," என்றாள். நான் கரண்டியை வாங்கி நானும் செய்தேன், திரும்பத் திரும்பச் செய்தேன், பின்னால் குடத்தோடு நின்ற பொம்பளைகள் எல்லாம் திட்டினார்கள். அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து, நான் இங்கே வந்த பிறகு, தாம்பரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது, அவளாகவே சொன்னாள், கப்பலின் தோலைத் தொட்டுக்கொண்டு இருக்கிற தண்ணீர் மட்டும் வழுக்காது, கப்பல் எங்கே போகிறதோ அதோடேயே போகும், கப்பலுக்கு அதுதான் பெரிய பாரம், தண்ணீரைக் கிழிப்பதுகூட இல்லை, ஒட்டிக்கொண்டு வருகிறதை இழுத்துக்கொண்டு போவதுதான். அவள் என்னைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் எப்போதும் கப்பலைப் பற்றித்தான் சொல்கிறாள். நான்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்டக்டர் முதுகைப் பார்த்தேன்.

சீலிங் ஃபேன் மெதுவாகிறது. வோல்டேஜ். தெரு முழுக்க இப்போது ஏசி போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். மேசை விசிறியின் சத்தமும் தணிகிறது, யூபிஎஸ் 'டிக்' என்கிறது, இன்னொரு 'டிக்', கோடு துள்ளுகிறது. மேலே. ஏறுகிறது. இதோ, ஏறிவிட்டது. எழுப்பவேண்டும், எக்கா என்று சொல்ல வாய் திறக்கிறேன், திறந்த வாயோடு நிற்கிறேன், ஏறட்டும் என்று ஒரு குரல், எழுப்பு என்று ஒரு குரல், இரண்டும் என் குரலேதான். கோடு ஒரு பல் மாதிரி எழுந்து, நின்று, இறங்குகிறது. பழைய இடத்துக்கு வந்து, அதற்கும் கீழே. சின்னதாகத் துள்ளும், பயப்படாதே என்று அவள் முன்பே சொல்லியிருக்கிறாள், ஏறிக்கொண்டே போனால்தான் கெட்டது. கரண்டில் ஒன்றும் ஆகவில்லை, அதுவாகவே துள்ளியிருக்கிறது. உட்கார்ந்துவிட்டேன். முதுகெல்லாம் நனைந்திருக்கிறது. எது என்னை இப்படி நனைத்தது என்று பார்த்தால், ஏறினபோது வந்த பயம் இல்லை. இறங்கினபோது 'அப்பாடா' என்று ஒன்று வந்ததே, அது. எனக்கே தெரியாமல் வந்தது. அதை நான் கூப்பிடவில்லை. முன்னால் ஆரஞ்சைப் பார்த்து வந்த சந்தோஷத்தையும் நான் கூப்பிடவில்லை. இரண்டும் எனக்குள்தான் இருக்கின்றன, ஒன்று வந்து அறைகிற பக்கம், ஒன்று மறைவுப் பக்கம். நம்பர் சிவப்பு. எப்போது ஆனது? இப்போதுதான், நான் வாயைத் திறந்துகொண்டு நின்றபோது. சிவப்பானால் எழுப்பு என்றாள். எழுப்பினால் அவளே எழுந்து விசிறியை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள், திரும்பப் படுக்கமாட்டாள், கண் அடியில் அந்தக் கருப்பு இன்னும் கொஞ்சம் கருப்பாகும். எழுப்பவேண்டாம். இது நான் ஆரம்பித்தது. நான் எழுந்து விசிறியைத் தூக்குகிறேன், ஓடுகிற விசிறி கையில் நடுங்குகிறது, உயிருள்ள கோழியைத் தூக்குகிற மாதிரி. கம்ப்யூட்டரின் திறந்த வயிற்றைப் பார்த்து வைக்கிறேன். ஒயரெல்லாம் ஆடுகிறது. சிவப்பு அசையவில்லை. அசையட்டும், அணைந்துவிடாதே, தயவுசெய்து. அணைந்துவிடாதே. நான் யாரிடம் சொல்கிறேன்? அம்மா மெழுகுவர்த்தி வைத்த மாதாவிடமா, இந்தத் தகர டப்பாவிடமா? யாராவது கேளுங்கள், நான் ஒரு பாதியைத்தான் சொல்கிறேன், இந்தப் பாதியைக் கேட்டுக்கொள்ளுங்கள், மறுபாதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

காற்று போனது அவளுக்குத் தெரிந்துவிட்டது. புரண்டு படுக்கிறாள், நைட்டியின் கழுத்தைப் பிடித்து இழுத்துவிடுகிறாள். "ஏட்டி... காத்து..." என்கிறாள், கண் திறக்கவில்லை. மேசைமேல் கைவிசிறி எதுவும் இல்லை, கம்ப்யூட்டர் உதிரி ஏதோ வந்த அட்டைப்பெட்டி மூலையில் கிடக்கிறது, அதன் மூடியைக் கிழித்து எடுக்கிறேன், அவள் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விசிறுகிறேன். நெற்றிமுடி திரும்பவும் எழுந்து விழுகிறது. இங்கிருந்து திரையும் தெரிகிறது, நம்பரும் தெரிகிறது, அவள் முகமும் தெரிகிறது. இதை முதலிலேயே செய்திருக்கலாமே, லூசு. தோன்றவில்லை. ஒரு விசிறி, ஒரு மனுஷி, ஒரு மிஷின் என்று கணக்குப் போட்டேனே தவிர, என்னை அதில் சேர்க்கவே இல்லை. கை வலிக்கிறது. மறுகைக்கு மாற்றுகிறேன். சிவப்பு. இன்னும் சிவப்பு. பிறகு, நான் அவள் காதோரத்து மருவைப் பார்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு நொடியில், ஆரஞ்சு. எனக்குச் சிரிப்பு வருகிறது, சத்தம் வராமல் சிரிக்கிறேன், அட்டை ஆடுகிறது. "என்னட்டி செய்த?" என்று அக்கா முனகுகிறாள். "ஒண்ணுமில்ல. தூங்கு." "கோடு?" "எறங்குது." "சூடு?" "கொறையுது." "நீ சாப்பிட்டியா?" தூக்கத்திலும் இந்தக் கேள்வி, அம்மா மாதிரியே. "சாப்பிட்டாச்சு, தூங்குக்கா." அவள் கை தேடிக்கொண்டு வந்து என் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்துக்கொண்டே தூங்குகிறாள். சின்னப் பிள்ளையில் நான்தான் இப்படி அவள் துணியைப் பிடித்துக்கொண்டு தூங்குவேன் என்று அம்மா சொல்வாள், விடியற்காலையில் அவள் பாத்ரூம் போகவேண்டும் என்றால் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டுமாம். அப்படியென்றால் இவளும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறாளா? பஸ்ஸில் இவள் கப்பலாக, நான் தண்ணீராக நினைத்துக்கொண்டு அழப் பார்த்தேனே. யார் கப்பல், யார் தண்ணீர் என்று இவளிடம் கேட்கவே இல்லையே. அங்கே போய் இவள் எதைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள்? குளிர் ஊர், கம்பளியைப் பிடித்துக்கொள்வாளாக இருக்கும். எனக்கு முதல் தடவையாக அவளை நினைத்துப் பயமாக இருக்கிறது, என்னை நினைத்து இல்லை. ஒரு பெட்டி இரண்டு பை தூக்கிக்கொண்டு, மொழி தெரியாத இடத்தில், முழுசாகத் தனியாகத் திரும்பவேண்டும். இது எனக்கு இவ்வளவு நாளாகத் தோன்றாமல் போனது எப்படி? கண்ணாடியை நிறுத்திவிட்டு என் பக்கத்தை மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், அவள் பக்கமும் இதேதான் என்று.

வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து இறங்கிச் சுவருக்குப் போய்விட்டது. கீழே வீட்டுக்காரம்மா மோட்டார் போட்டிருக்கிறாள், எங்கள் தலைக்குமேல் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது, அறையே கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருக்கிறது, சத்தத்துக்கே குளிர்ச்சி உண்டு. நம்பர் மஞ்சள். கோடு இப்போது இறங்கவில்லை. ஏறவும் இல்லை. வேறெங்காவது பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அதே இடம். அக்காவின் மருவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன், அதே இடம். படுத்துவிட்டது. எல்லாப் பெட்டியும் ஒத்துப்போய்விட்டது. பக்கத்துக் கட்டத்தில் படம் தானாகவே மாறுகிறது, நீர்மூழ்கி முழுசாக, மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து, அறைகிற பக்கம் சிவப்பாக, மறைவுப் பக்கம் நீலமாக, ஒன்றும் ஒன்று மாதிரி இல்லை. பின்னால் இரண்டு சுழி கிளம்புகிறது, ஒன்று தடிமனாக, ஒன்று மெல்லிசாக, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நீளமாக, நீளமாகப் போகிறது. ஒரு நாள் நான் அவளிடம் கேட்டேன், கப்பலுக்கு முன்னால் இவ்வளவுதான் இடம் விட்டிருக்கிறாய், பின்னால் எதற்கு இத்தனை இடம், வெறும் தண்ணீர்தானே. "முன்னால கொஞ்சம் போதும்ட்டி. பின்னாலதான் நெறைய விடணும். கப்பல் போன பெறகும் தண்ணி ரொம்ப தூரத்துக்கு அத மறக்காது. எடம் விடலன்னா கணக்கே தப்பாப் போயிரும்." அப்போது எனக்கு அது போரடித்தது, கொட்டாவி விட்டேன். இப்போது எழுப்பவேண்டும். மத்தியானம் முழுக்க எழுப்பாமல் இருப்பதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுப்பினால் அனுப்பிவிடுவாள். இன்னும் கொஞ்ச நேரம் விசிறலாம், யாருக்கும் தெரியாது, சாயங்காலம் ஆக நேரம் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம். இன்னும் ஒரே ஒரு... இல்லை. அட்டையைக் கீழே வைக்கிறேன். என் பாவாடை ஓரத்திலிருந்து அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன், சுண்டுவிரல் கடைசி வரைக்கும் விடவில்லை. "எக்கா." அசையவில்லை. "எக்கா, எந்தி. கப்பல் திரும்பிட்டு." கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள், கன்னமெல்லாம் கோரை வரி. "முழுசுமா?"

"முழுசும்," என்கிறேன்.